ஆறு மணிக்கு ஏறும் கோடு

கருவடிக்குப்பம், புதுச்சேரி
16-9-2025

அன்புள்ள அண்ணனுக்கு மேனகா எழுதுவது. நான் நலம். நீயும் அண்ணியும் குளிர் வருவதற்குள் கம்பளியெல்லாம் எடுத்து வெயிலில் போட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனை வைத்தது நான்தான். சிக்னல் போகவில்லை, சார்ஜ் தீரவில்லை. வேண்டுமென்றேதான் வைத்தேன். அதற்கப்புறம் நீ எத்தனை தடவை கூப்பிட்டாய் என்று தெரியும். ஒவ்வொரு தடவையும் மணி அடித்து ஓயும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பின்னே என்ன அண்ணா? எடுத்த எடுப்பிலேயே, "ஏழு மணிக்கு ஏன் மோட்டார் போட்ட? அதுங்கூடவே வாஷிங் மெஷினு வேற. ஆறு மணிக்கே இன்னா ஓடுது வீட்ல, கோடு இப்படி ஏறுது?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கிடையாது. பிரான்சில் சார்செல்லில் உட்கார்ந்துகொண்டு நான் எப்போது துணி துவைக்கிறேன் என்று கண்டுபிடிக்கிறாய். இங்கே பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூட அது தெரியாது.

புது மீட்டர் மாட்ட வந்த ஆள், "கார்டு யார் பேர்ல இருக்கும்மா?" என்று கேட்டான். உன் பேர் சொன்னேன், உன் நம்பர் கொடுத்தேன். நம்பர் கொடுத்தால் பிரான்சிலிருந்து என் அடுப்படி தெரியும் என்று அவனும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. உன் போனில் கோடு கோடாக வருகிறது. எனக்குச் சுவரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்குகிறது, அவ்வளவுதான்.

இனி உன் போனை எடுக்க மாட்டேன். போனில் நீ பேசுவாய், நான் உம் கொட்ட வேண்டும். நடுவில் வாயைத் திறந்தால், "இரு, நான் முடிச்சிக்கிறேன்" என்பாய். எப்போது முடித்திருக்கிறாய்? கடிதத்தில் என்னை நீ அப்படி நிறுத்த முடியாது. கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆக வேண்டும். நீயும் எழுது. முன்பெல்லாம் எழுதிக்கொண்டுதானே இருந்தாய்.

அண்ணிக்கு இடுப்பு வலி தேவலையா? கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
மேனகா


சார்செல், பிரான்ஸ்
1-10-2025

அன்புத் தங்கை மேனகாவுக்கு அண்ணனின் ஆசிகள். இங்கு நானும் பாக்யலட்சுமியும் நலம். உன் நலம் தினமும் போனில் வரும் கோட்டிலேயே தெரிந்துவிடுவதால் தனியாகக் கேட்கவில்லை.

கடிதம் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். கிடங்கில் நின்று நின்று கால் வீங்கிப்போய் வந்து உட்கார்ந்து எழுதுகிறேன் என்பதையாவது நினைத்துக்கொள். உன்மேல் கோபம் இல்லை. உனக்கு விஷயம் புரியவில்லை என்பதுதான் வருத்தம்.

பழைய மீட்டர் எத்தனை யூனிட் ஓடியது என்று மட்டும்தான் எண்ணும். புது மீட்டர் எந்த நேரத்தில் ஓடியது என்பதையும் பதிந்துகொள்ளும். பகலில் வெயில் காயும்போது சோலார் கரண்ட் கொட்டிக் கிடக்கிறது, அதனால் அப்போது யூனிட் சல்லிசு. சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை ஊர் முழுக்க வீட்டுக்கு வந்து ஒரே நேரத்தில் சுவிட்சைப் போடுகிறது. சூரியனும் இறங்கியிருக்கும். அந்த நேரத்து நெரிசலைச் சமாளிக்க அவர்கள் அதிக விலைக்கு மின்சாரம் வாங்குகிறார்கள். அதே யூனிட்டுக்கு அப்போது நம்மிடம் கூடுதலாகப் போடுகிறார்கள். மற்ற நேரத்தில் சாதாரண விலை. நாள் முழுக்கக் கூடுதல் இல்லை, அந்த நேரத்தில் ஓடிய யூனிட்டுக்கு மட்டும்தான். உனக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஞாயிற்றுக்கிழமை மீன் ஏலம் மாதிரி. எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டால் விலை ஏறத்தானே செய்யும்?

இங்கேயும் இது உண்டு. சல்லிசு நேரத்துக்கு 'எர் க்ரேஸ்' என்று பெயர். உன் அண்ணி அந்த நேரம் பார்த்துத்தான் துணி மெஷினைப் போடுவாள். பழகிவிட்டது.

ஆகவே நீ மோட்டார், துணி, மாவு எல்லாவற்றையும் மத்தியானத்துக்கு மாற்றிக்கொள். வீட்டில் சும்மாதானே இருக்கிறாய். உன்னை எந்தக் கஷ்டமும் படச் சொல்லவில்லை. ஆறு வருஷமாக அந்த வீட்டுக் கரண்ட் பில்லை உனக்குப் பொங்கல் சீராக நினைத்துத்தான் கட்டி வருகிறேன். சீரைச் சீராகக் கொண்டு செல்ல வேண்டாமா?

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை கோடு தரையோடு படுத்துக் கிடக்கிறது. இந்த வெயிலில் ஒரு ஃபேன்கூடப் போடாமலா இருக்கிறாய்? ஆறு மணி ஆனதும் ஒரேயடியாக ஏறுகிறது. நீ பகலில் எங்கே போகிறாய், மேனகா? மறைக்காமல் எழுது.

அண்ணன்,
ஜானகிராமன்


கருவடிக்குப்பம்
17-10-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கே போகிறாய் என்று கேட்டாய். மார்க்கெட்டுக்குப் போகிறேன். வாங்க அல்ல, விற்க.

தடைக்காலம் முடிந்து போட்டுகள் கடலுக்குப் போன அன்றிலிருந்து போகிறேன். விடியும்போது, நாலு தெரு தள்ளி இருக்கிற மீன்காரி செல்வாம்பாளும் நானும் பிள்ளைச்சாவடிக் கரையில் ஏலத்தில் நிற்போம். எடுத்ததை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி முத்தியால்பேட்டை மார்க்கெட்டுக்குப் போவோம். அவளுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். சாயங்காலம் வீடு திரும்பும்போது விற்காத மீன் கொஞ்சம் இருக்கும். அதற்காக ஒரு பழைய ஃப்ரீசர் பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். ஐஸ்கிரீம் கடையைக் காலி செய்தவர் விற்றது. மூடியில் இன்னும் ஐஸ்கிரீம் படம் ஒட்டியிருக்கிறது. உள்ளே வஞ்சிரம் படுத்திருக்கிறது. காலையில் மீனை எடுத்துக்கொண்டு பெட்டியை அணைத்துவிட்டுக் கிளம்புவேன். ஆறு மணிக்கு வந்து மறுபடியும் போடுவேன். உன் போனில் ஏறுகிற கோடு அதுதான். வீட்டில் வேறு யாரும் இல்லை, பயப்படாதே.

ஏலத்தை எனக்கு நீ சொல்லித் தருகிறாயா அண்ணா? நல்ல கூத்துதான் போ. ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் விலை ஏறினால், வாங்க வந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு மத்தியை வாங்கிப் போவார்கள். அன்றைக்கும் குழம்பு கொதிக்கும். உன் கரண்டில் மத்தி எங்கே இருக்கிறது? ஆறு மணிக்கு மேல் வஞ்சிரம்தான், எடுத்தால் எடு, இல்லாவிட்டால் இருட்டில் இரு என்றால் அது என்ன ஏலம்?

பகலில் சல்லிசு என்கிறாய். யாருக்குச் சல்லிசு? பகலில் வீட்டில் இருப்பவர்களுக்கு. காலையில் வேலைக்குப் போய் ஆறு மணிக்குப் படி ஏறுகிற பொம்பளைக்கு அதே யூனிட் விலை கூட. அவளுக்குத் துணி துவைக்க, தண்ணீர் ஏற்ற, மறுநாளைக்கு மாவாட்ட அந்த நேரத்தை விட்டால் வேறு நேரம் ஏது? நான் மீனைப் பார்த்து, "பத்து மணி வரைக்கும் கொஞ்சம் நாறாம இரும்மா, எங்கண்ணன் சொல்லியிருக்கு" என்று கேட்டுக்கொள்ளவா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

வீட்டில் சும்மாதானே இருக்கிறாய் என்று எழுதினாயே, அந்தச் சும்மாவுக்காகத்தான் போனேன். கடலூரில் எனக்குத் தாலி கட்டின அந்த ஆள் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான், நான் அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்து அம்மாவின் மீன் கூடையைத் தூக்கினேன். "கூடையை இறக்கி வை, இனி நான் பாத்துக்கறேன்" என்று சொன்னாய். உன் வார்த்தைக்காக இறக்கினேன். நீயும் குறை வைக்கவில்லை, அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் அந்த ஆறு வருஷமும் இந்தத் தெருவில் எனக்குப் பேர் கிடையாது. பிரான்ஸ்காரர் தங்கச்சி என்பார்கள். மார்க்கெட்டில், "மேனகாக்கா, சங்கரா இருக்கா?" என்று கேட்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது அண்ணா. மூடி மறைத்தது தப்புதான் என்றால் தப்புதான். போனது தப்பில்லை.

தீபாவளிக்கு அண்ணிக்குப் புடவை எடுத்தாயா? நிறம் எழுது.

மேனகா


சார்செல்
3-11-2025

தங்கை மேனகாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று சாப்பிடவில்லை. அண்ணியிடம்கூடக் காட்டவில்லை. அவள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கினவர். அந்தக் குடும்பத்தில் பெண் எடுத்துத்தான் நான் இங்கே வந்தேன், உனக்குத் தெரியும். அவர்களில் யாராவது புதுச்சேரிக்கு வந்து, முத்தியால்பேட்டை மார்க்கெட்டில் ஜானகிராமன் தங்கை கத்தியும் பலகையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அதுகூடப் போகட்டும். அம்மாவின் உச்சந்தலை உனக்கு ஞாபகம் இல்லையா? கூடை சுமந்து சுமந்து நடுவில் முடியே இல்லாமல் போனது. கல்யாணம் காட்சிக்குப் போனால் முந்தானையை இழுத்துப் போட்டு மறைத்துக்கொள்வாள். என் தங்கைக்கு அது வரக் கூடாது என்றுதான் உன்னை இறக்கச் சொன்னேன். குளிரில் கை வெடிக்க வெடிக்கப் பெட்டி தூக்கியது அதற்குத்தான். நீ ஒரே கடிதத்தில் அதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டாய்.

இதை எழுதும்போது கோபமாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. போன வாரம் போனைத் திறந்தால், கோடு இறங்கியிருக்கிறது. நாலு நாள் அப்படியே. ஆறு மணிக்குக்கூட ஏறவில்லை. கடிதத்தில் வாய் கிழியப் பேசினாலும் அண்ணன் பேச்சைக் கேட்டுவிட்டாய். பெட்டியை நிறுத்திவிட்டாய். நீ சொல்லாவிட்டாலும் மீட்டர் சொல்லிவிட்டது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அண்ணியிடம் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாயசம் வைத்தாள்.

இப்படியே இரு. என்ன வேண்டுமோ கேள், அனுப்புகிறேன்.

அண்ணன்


கருவடிக்குப்பம்
19-11-2025

அண்ணனுக்கு,

அந்த நாலு நாளும் நான் காய்ச்சலில் கிடந்தேன்.

மழையில் நனைந்துகொண்டே ஏலத்தில் நின்றது. வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. லைட்டு போட வேண்டுமென்றால் எழுந்து நாலடி நடக்க வேண்டும், நடக்க முடியவில்லை. மோட்டார் போடாததால் குழாயில் தண்ணீர் வரவில்லை. குடத்தில் இருந்த கொஞ்சத்தைக் குடித்துவிட்டு இருட்டிலேயே கிடந்தேன். ஃபேன் காற்று பட்டால் உடம்பு தூக்கிப் போட்டது, அதனால் அதுவும் இல்லை. நீ அங்கே பாயசம் குடித்திருக்கிறாய்.

உன் கடிதத்தின் அந்த இடத்தைப் படித்ததும் முதலில் சிரித்தேன். அப்புறம் அழுதேன். அழுது முடித்து எழுந்ததும் வந்த கோபம் இன்னும் போகவில்லை. நான் சிக்கனமாக இருந்தாலும் அந்த மீட்டர் அதே கோட்டைத்தான் போடும், செத்துக் கிடந்தாலும் அதே கோட்டைத்தான் போடும். அதைப் பார்த்து நீ என் நலம் தெரிந்துகொள்கிறாயாம்.

யார் வந்து பார்த்தது தெரியுமா? செல்வாம்பாள். மார்க்கெட்டில் என் இடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். இரண்டாம் நாளும் காலி என்றதும் வியாபாரத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து கதவை உடைக்காத குறையாகத் தட்டினாள். "ஏண்டி, செத்துகித்துப் போனா சொல்லிட்டுப் போக மாட்டியா?" என்று திட்டிக்கொண்டே கஞ்சி வைத்துக் கொடுத்தாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மீதி இரண்டு நாளும் தன் வீட்டிலேயே படுக்க வைத்தாள். அவளுக்கு எந்த போனிலும் என் கோடு வராது.

அம்மாவின் தலையைப் பற்றி எழுதினாய். எனக்கும் ஞாபகம் இருக்கிறது. தினமும் எண்ணெய் வைத்துவிட்டவள் நான்தான். ஆனால் அந்தத் தலையைப் பார்த்து நீ வெட்கப்பட்டாய், அம்மா வெட்கப்படவில்லை. முந்தானையை இழுத்துப் போட்டது உன் சிநேகிதர்கள் வரும்போது மட்டும்தான். அந்தக் கூடைதான் உன்னைப் படிக்க வைத்தது, எனக்குத் தோடு போட்டது, இந்த வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியது. நான் அதைத் தலையில்கூடச் சுமப்பதில்லை, லோடு ஆட்டோவில் வைக்கிறேன். இதற்குமேல் என் முகத்தை எங்கே வைப்பேன் என்று நீ கேட்டால், கழுத்துக்கு மேலே வை அண்ணா, அங்கேதான் எல்லாரும் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. முன்பு நீ எழுதிய கடிதங்களில் முதல் வரியே 'நலம், நலமறிய ஆவல்' என்றுதான் இருக்கும். அப்போது அதைச் சடங்கு என்று நினைத்துத் தாண்டிப் போவேன். இப்போது அந்த வரி இல்லாமல் கடிதம் வரும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

உடம்பு தேறிவிட்டது. நாளையிலிருந்து மார்க்கெட்டுக்குப் போகிறேன். ஆறு மணிக்குக் கோடு ஏறும், பார்த்துக்கொள்.

மேனகா


சார்செல்
5-12-2025

மேனகா,

காய்ச்சல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் பறந்து வந்திருக்க மாட்டேனா? போனை எடுக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது நீ. இப்போது குற்றம் மட்டும் என் தலையிலா? நான் பாயசம் குடித்தேன் என்று நீ எழுதியதை அண்ணி படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

உடம்பு தேறுவதற்குள் மறுபடியும் மழையில் போய் நிற்கப் போகிறாயா? விட மாட்டேன். இது வெட்கத்துக்காகச் சொல்லவில்லை, உன் உடம்புக்காகச் சொல்கிறேன். அந்தப் பெட்டியை விற்றுவிடு. பெட்டி இருந்தால்தானே மீன், மீன் இருந்தால்தானே மார்க்கெட். சித்தப்பா மகன் புருஷோத்தமனிடம் சொல்லியிருக்கிறேன், வந்து ஆக வேண்டியதைப் பார்ப்பான். இணைப்பு என் பேரில் இருக்கிறது என்பதையும் மறந்துவிடாதே.

உன் நல்லதுக்குத்தான்.

அண்ணன்


கருவடிக்குப்பம்
19-1-2026

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கல் நன்றாக நடந்தது. அங்கே அண்ணி குக்கரில் வைத்தாளா, பானையில் வைத்தாளா? இங்கே பால் கிழக்கே பொங்கியது.

நீ அனுப்பிய ஆள் வந்தான். உன் காதுக்கு எந்த மாதிரி வந்து சேர்ந்ததோ தெரியாது, நடந்ததை நான் எழுதுகிறேன். மார்கழி பிறந்ததிலிருந்து வியாபாரம் மந்தம், பாதிப் பேர் கவுச்சி சாப்பிடுவதில்லை. அதனால் பெட்டி நிறைய மீன். ஏழு மணி இருக்கும், நான் துணியை அலசிக்கொண்டிருந்தேன், வீடு இருட்டானது. வாசலில் போய்ப் பார்த்தால் புருஷோத்தமன், ஃபைனான்ஸ் கம்பெனிச் சட்டை மடிப்புக் கலையாமல், கையில் ஃப்யூஸ் கட்டையோடு நிற்கிறான்.

"அக்கா, கோச்சிக்காத. அண்ணன் சொல்லிச்சு. ஒடம்பு தேறுற வரைக்கும் பொட்டி ஓடக் கூடாதாம்."

"கட்டையக் குடுடா."

"அண்ணனைக் கேட்டுட்டுத் தரேன்க்கா. ராத்திரி போன் பண்றேன்."

"அது வரைக்கும் மீன் இன்னா பண்ணும்? உங்கண்ணன் போன எடுக்குற வரைக்கும் மூச்சப் புடிச்சிக்கினு இருக்குமா? வா இப்படி. அந்த அன்னக்கூடையத் தூக்கு."

தூக்க வைத்தேன் அண்ணா. செல்வாம்பாள் வீட்டில் ஐஸ் இருந்தது. நாலு தெரு தள்ளி. அந்தப் பெரிய அலுமினியக் கூடை நிறைய மீனை அவன் தலையில் ஏற்றி, நான் முன்னால் டார்ச் அடித்துக்கொண்டு போனேன். தெரு முழுக்க வாசலுக்கு வந்து பார்த்தது. "யாரு மேனகா, புது ஆளு வெச்சிருக்கியா?" என்று கேட்டார்கள். மீன் தண்ணி அவன் கழுத்து வழியே இறங்கிச் சட்டைக்குள் போனது. இரண்டு நடை போனான். மூன்றாம் நடைக்குக் கூப்பிட்டபோது ஃப்யூஸ் கட்டையை என் கையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாவம், அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் வெறும் கைதானே.

என் நல்லதுக்காக என்று எழுதியிருந்தாய். அது பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் என் நல்லது என்ன என்று என்னைக் கேட்காமல் நீ செய்கிற நல்லது எனக்கு வேண்டாம். அன்று ராத்திரியே முடிவு செய்தேன்.

மறுநாள் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. கரண்ட் ஆபீசுக்குப் போனேன். இது அப்பா வீடு. பட்டா இன்னும் தெய்வசிகாமணி என்ற பேரில்தான் இருக்கிறது. வாரிசுச் சான்றிதழில் உன் பேருக்குக் கீழே என் பேரும் இருக்கிறது. நான் குடியிருக்கிற பின்கட்டுக்குத் தனி இணைப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்தவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார், "ஏற்கெனவே ஒரு மீட்டர் இருக்கேம்மா?"

"அது எங்கண்ணனுது சார்."

"அண்ணன்தானே? ஒரே வீடுதானே?"

"வீடு ஒண்ணுதான் சார். ஆளு ரெண்டு."

அலையத்தான் வைத்தார்கள். இந்தக் காகிதம், அந்தக் காகிதம், ஒயர்மேன் கையெழுத்து. செல்வாம்பாள் ஒவ்வொரு தடவையும் என் மீனையும் சேர்த்து விற்றுக் கொடுத்தாள். போகியன்று மீட்டர் மாட்டினார்கள். மாட்ட வந்தவன், "கார்டு யார் பேர்ல?" என்று கேட்டான். மேனகா, தகப்பன் பேர் தெய்வசிகாமணி என்றேன். நம்பர் கேட்டான், என் நம்பர் கொடுத்தேன். அன்று ராத்திரி என் போனில் முதல் தடவையாக என் கோட்டைப் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்த்ததில் ஒன்று புரிந்தது. காலையில் பெட்டியை அணைத்துவிட்டுப் போவதால்தான் சாயங்காலம் அது சூட்டிலிருந்து ஆரம்பித்து மூச்சு வாங்குகிறது. இப்போது அணைப்பதில்லை. காலையில் மீனை எடுத்ததும் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஊற்றி உள்ளே அடுக்கிவிட்டுப் போகிறேன். பகல் விலையில் அது பாட்டுக்கு ஐஸாகி நிற்கிறது. ஆறு மணிக்கு மீனை அந்த பாட்டில்களுக்கு நடுவே படுக்க வைத்தால் பெட்டிக்கு வேலையே இல்லை. மறுநாள் மார்க்கெட்டுக்கும் அந்த ஐஸே போகிறது. நீ சொன்ன பகல் விலை நல்ல விலைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் மாற்றியது என் வியாபாரத்துக்காக. நீ சொன்னதற்காக இல்லை.

மோட்டாரும் துணியும் மாவும் ஏழு மணிக்குத்தான். அதை மாற்ற மாட்டேன், மாற்றவும் முடியாது. முடித்துவிட்டு ஃபேனைப் பெரிதாக வைத்துக்கொண்டு காலை நீட்டி டிவி பார்ப்பேன். அந்த நேரத்துக் கூடுதல் விலையை நானே கொடுத்துக்கொள்கிறேன். நாள் பூராவும் உழைத்தவளுக்குச் சாயங்காலம் கொஞ்சம் கிராக்கியாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

பொங்கல் சீர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அண்ணன் சீரை எந்தத் தங்கையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். புடவை அனுப்பு, மஞ்சள் குங்குமம் வைத்து அனுப்பு. அந்தப் புடவையை எத்தனை மணிக்குக் கட்டினேன், எத்தனை மணிக்கு அவிழ்த்தேன் என்று எந்த போனும் உனக்குச் சொல்லாது. சீர் கொடுத்தவன் அடுப்பை எட்டிப் பார்க்கக் கூடாது அண்ணா. இனி கரண்ட் பில்லைச் சீர் என்று சொல்லாதே.

முன்கட்டு மீட்டர் உன் பேரில் அப்படியே இருக்கிறது. மெயினை அணைத்துவிட்டேன். நீ வந்தால் போட்டுக்கொள்ளலாம். அது வரைக்கும் உன் போனில் கோடு பகலிலும் ராத்திரியிலும் தரையோடு கிடக்கும். அதற்கு நான் உன் பேச்சைக் கேட்டுவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. நான் செத்துவிட்டேன் என்றும் அர்த்தம் இல்லை. என்ன அர்த்தம் என்று தெரிய வேண்டுமானால் வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

அண்ணியின் தம்பி மாசியில் அங்கே வருகிறானாம். நெத்திலிக் கருவாடு காயவைத்துக் கட்டியிருக்கிறேன், கொடுத்தனுப்புகிறேன். நான் வாங்கியது, நான் காயவைத்தது. மாமனார் வீட்டுக்காரர்களுக்கும் கொடு. யார் கொடுத்தது என்று கேட்டால் மீன்கார மேனகா என்று சொல்.

உன் தங்கை,
மேனகா


சார்செல்
9-2-2026

அன்புத் தங்கை மேனகாவுக்கு,

என் கோபம் தீரவில்லை. புருஷோத்தமனை அப்படித் தெருவில் நடக்கவிட்டது ரொம்ப அதிகம். அவன் அந்தச் சட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னான். அண்ணி மட்டும் உன் கடிதத்தை இரண்டாம் தடவை வாங்கிப் படித்துச் சிரிக்கிறாள்.

புடவை அனுப்பியிருக்கிறேன். அரக்கு நிறம். அண்ணிதான் எடுத்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். இங்கே மத்தியானம் ஒன்றரை ஆகும்போது அங்கே ஆறு. எங்களுக்கு அது சாப்பாட்டு இடைவேளை. இத்தனை மாதமும் மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் போனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கோடு ஏறும். திட்டுவேன். திட்டிவிட்டுத்தான் டப்பாவைத் திறப்பேன். அப்பாடா, வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று இருக்கும் போலிருக்கிறது. அது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

இப்போதும் அந்த நேரத்துக்குக் கை போனுக்குப் போகிறது. கோடு அசைவதில்லை. நீ எழுதியிருக்கிறாய், அதற்கு அர்த்தம் இல்லை என்று. தெரியும். தெரிந்தும் சாப்பாடு இறங்கவில்லை. நேற்று இங்கே பனி கொட்டியது, அங்கே மழையோ வெயிலோ, நீ மார்க்கெட்டுக்குப் போனாயோ இல்லையோ, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கேட்டால்தான் தெரியும் என்கிறாய். அதனால் கேட்கிறேன்.

நாங்கள் நலம். உன் நலமறிய ஆவல்.

அண்ணன்,
ஜானகிராமன்